சுவிட்ச் இல்லாமல் ஸ்டோரேஜ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெளியூர் நிறுவனம் ஒன்றின் மெயின்ஃப்ரேமை நான் சேலத்தில் வீட்டிலிருந்தபடியே பராமரித்து வருகிறேன். ஒரே இயந்திரத்தில் இரண்டு எல்பார்கள் (தனி இயந்திரங்கள் போல இயங்கும் பிரிவுகள்), இரண்டிலும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இசட்/விஎம், அவற்றின் கீழ் அப்படி ஓடும் இருபத்தைந்துக்கும் அதிகமான லினக்ஸ் கெஸ்ட்கள். புதிதாக வரும் ஸ்டோரேஜை (வட்டுத் தொகுதியை), ஃபைபர் சேனல் சுவிட்ச் எதுவும் வாங்காமல், எஃப்சிபி முறையில் (ஃபைபர் சேனல் வழியாக வட்டுக் கட்டளைகளை அனுப்பும் முறையில்) நேராகவே கேபிள் போட்டு இணைத்துவிடலாம் என்கிறது கணக்குப் பிரிவு. நான் என்ன பதில் எழுதுவது?
– ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்

பதில்: கேபிளைப் பொறுத்தமட்டில் கணக்குப் பிரிவு சொல்வதில் பிழையில்லை. மெயின்ஃப்ரேமின் எஃப்சிபி சேனலிலிருந்து (வெளிச்சாதனங்களோடு பேசும் அதன் வாயிலிலிருந்து) புறப்படும் இழையை ஸ்டோரேஜின் போர்ட்டில் நேராகச் செருகினாலும் இரண்டும் பேசிக்கொள்ளும். ஸ்டோரேஜ் போர்ட் வளைய முறையில் (பல சாதனங்கள் ஒரே வளையத்தைப் பகிரும் அமைப்பில்) அமைந்திருக்கக் கூடாது என்பது ஒன்றே முக்கியமான நிபந்தனை. ஏனெனில் மெயின்ஃப்ரேம் லினக்ஸின் இசட்எஃப்சிபி டிரைவர் அம்முறையை ஏற்பதில்லை.

சிக்கல் வருவது அடையாளத்தில். ஃபைபர் சேனலில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 64 பிட் நீளமுள்ள ஒரு பெயர் உண்டு. டபிள்யுடபிள்யுபிஎன் என்று அழைக்கப்படும் அப்பெயரைப் பார்த்துத்தான், எந்த லன்னை (தான் பிரித்துத் தரும் தனித்தனி வட்டை) யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்பதை ஸ்டோரேஜ் முடிவு செய்கிறது. மெயின்ஃப்ரேமிலோ ஒரே எஃப்சிபி சேனலை இரண்டு எல்பார்களும், அவற்றுக்குள் இருக்கும் பத்துப் பன்னிரண்டு கெஸ்ட்களும் பகிர்ந்துகொள்கின்றன. நேரடி இணைப்பில் இவர்கள் அனைவரும் அந்தச் சேனலின் ஒரே பெயரில்தான் ஸ்டோரேஜின் வாசலில் வந்து நிற்பார்கள். நம் ஊர் லைன் வீடுகளை எண்ணிப் பாருங்கள். உள்ளே ஆறு குடித்தனம் இருக்கும், வெளிக்கதவில் ஒரே எண் இருக்கும், தபால்காரர் எல்லாக் கடிதங்களையும் வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். எந்தக் கடிதத்தை யார் எடுத்தார் என்பது அவருக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளும் வழியும் அவரிடம் இல்லை.

இதற்குத் தீர்வாக, 2005ஆம் ஆண்டில் அறிமுகமான சிஸ்டம் இசட்9 இயந்திரத்தோடு என்பிஐவி என்ற வசதி மெயின்ஃப்ரேமுக்கு வந்தது. அதன்படி, சேனலைப் பகிரும் ஒவ்வொரு எஃப்சிபி சாதனமும் (ஒரு கெஸ்டுக்கு ஒதுக்கப்படும் சேனலின் மெய்நிகர் வாசல்) தனக்கென ஒரு டபிள்யுடபிள்யுபிஎன்னைப் பெறுகிறது. அதாவது லைன் வீட்டின் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு எண் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தக் கூடுதல் பெயர்களுக்கு முகவரி ஒதுக்கித் தருவது ஃபைபர் சேனல் வலையமைப்பின் வேலை. அந்த வலையமைப்பு சுவிட்சில்தான் உயிர்வாழ்கிறது. நேரடிக் கேபிளின் இரு முனையிலும் அதைச் செய்து தர யாரும் இல்லை. எனவே சுவிட்ச் இல்லையென்றால் என்பிஐவி இல்லை. கணக்குப் பிரிவுக்கு இந்த ஒரு வாக்கியத்தை எழுதினால் போதும்.

அதற்காக, சுவிட்ச் இல்லாத ஏற்பாடு எல்லா இடங்களிலும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். இசட்/விஎம் 2004இலிருந்தே எஃப்சிபி வழி வரும் எஸ்சிஎஸ்ஐ லன்களைத் தானே எடுத்துக்கொண்டு, கெஸ்ட்களுக்கு 9336 வகை எஃப்பிஏ வட்டுகளைப் (நிலையான அளவுத் தொகுதிகளாக எழுதும் பழைய வட்டு வகையை) போலக் காட்டும் வசதியைத் தந்துவருகிறது. பணியிடங்களில் இதை ஈடெவ் என்பார்கள். இந்த முறையில் ஸ்டோரேஜோடு பேசுவது இசட்/விஎம் மட்டுமே என்பதாலும், கெஸ்ட்களுக்குக் கிடைப்பவை அது நறுக்கிக் கொடுக்கும் மினிடிஸ்குகள் மட்டுமே என்பதாலும், ஒரே பெயர் இருப்பது குறையாகாது. உங்கள் இரண்டு எல்பார்களுக்கும் சேனல்களைப் பகிராமல் தனித்தனியாக இரண்டிரண்டு கொடுத்தால், நான்கு சேனல்கள், நான்கு ஸ்டோரேஜ் போர்ட்டுகள், நான்கு கேபிள்கள் என்று கணக்கு முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு படித்தலையும் எழுதுதலையும் இசட்/விஎம் தன் கையால் மொழிபெயர்த்துத் தருவதால் செயலி நேரம் கூடுதலாகச் செலவாகும். டேட்டாபேஸ் ஓடும் கெஸ்ட்களில் அது உறைக்கும். நாளைக்கு இரண்டாவது ஸ்டோரேஜ் ஒன்று வந்தால், மீண்டும் நான்கு சேனல்கள் வேண்டும். சுவிட்ச் இருந்தால் இருக்கும் நான்கே இரண்டு ஸ்டோரேஜையும் எட்டும். இருபத்தைந்து கெஸ்ட்கள் உள்ள இடத்தில் நானாக இருந்தால் சுவிட்சுக்கே எழுதிக் கேட்பேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஓராண்டாக நேரடி இணைப்புதான். ஒருமுறை வேறொரு கெஸ்டின் வட்டைத் தவறுதலாகச் சேர்க்க முயன்றபோது, அது ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழைச்செய்தி வந்தது. பூட்டு நன்றாக வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காக ஒரு கெஸ்டை நிறுத்தியிருந்தோம். அன்று புதிய கெஸ்ட் நிறுவிய சக ஊழியர் அதே வட்டைக் காலி வட்டு என்று நினைத்து ஃபார்மட் செய்துவிட்டார். அன்று மட்டும் பூட்டு ஏன் வேலை செய்யவில்லை?
– அம்மாபேட்டை வாசகர்

பதில்: நீங்கள் கண்டது பூட்டன்று, பேருந்து இருக்கையில் போட்டுவைத்த துண்டு. என்பிஐவி இல்லாத நிலையில், ஒரு லன்னை ஓர் எஃப்சிபி சாதனம் திறந்துவைத்திருக்கும்போது, அதே சேனலின் வழியாக இன்னொரு சாதனம் அதைத் திறக்க வந்தால் சேனல் மறுத்துவிடும். அப்போது லினக்ஸ் பதிவேட்டில், அந்த லன் எந்தச் சேனல் துணைத்தொகுதியின் எந்த எல்பார் எண்ணிடம் இருக்கிறது என்பது வரைக்கும் செய்தி வரும். முதலில் வந்தவர் இறங்கி, துண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அடுத்து வருபவர் தாராளமாக உட்காரலாம். ஞாயிறன்று நடந்தது அதுவே. ஸ்டோரேஜைப் பொறுத்தவரை இரண்டு கெஸ்ட்களும் ஒரே ஆள்தான் என்பதால், அது தடுக்க நினைத்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். என்பிஐவி இல்லாவிட்டால் லன்களைத் தானாகத் தேடிச் சேர்த்துக்கொள்ளும் வசதி லினக்ஸில் இயங்காது. ஸ்டோரேஜ் போர்ட்டின் பெயர் 16 இலக்கம், லன் எண் 16 இலக்கம் என்று ஒவ்வொன்றையும் கையால் கொடுக்க வேண்டும். அதில் ஓர் இலக்கம் மாறினாலும் பக்கத்து வீட்டு வட்டில் போய் நிற்போம். சுவிட்ச் வரும் வரைக்கும், புதிய வட்டை ஃபார்மட் செய்வதற்கு முன் அதன் தொடர் எண்ணை ஸ்டோரேஜ் திரையில் உள்ளதோடு இரண்டு பேர் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற வழக்கத்தையாவது இன்றே தொடங்குங்கள். நிறுத்தப்பட்ட கெஸ்டின் வட்டுகள் எவை என்ற பட்டியல் கையில் இல்லாமல் எந்த நிறுவலையும் செய்யாதீர்கள்.

சுவிட்ச் வந்த பிறகும் அவசரப்பட வேண்டாம். என்பிஐவியை இயக்கியதும் கெஸ்ட்கள் பயன்படுத்தும் டபிள்யுடபிள்யுபிஎன் பெயர்கள் அனைத்தும் மாறிவிடும். பழைய பெயருக்குத் திறந்துவைத்திருந்த லன்கள் புதிய பெயர்களுக்குத் தெரியா. முன்னேற்பாடு இல்லாமல் இயக்கினால் திங்கட்கிழமை காலையில் ஒரு வட்டும் கண்ணில் படாது. புதிய பெயர்கள் எவையாக இருக்கும் என்பதை இயந்திரத்தின் ஐ/ஓ வரையறையிலிருந்து (சேனல்களையும் சாதனங்களையும் எழுதிவைத்த பட்டியலிலிருந்து) முன்கூட்டியே கணித்துத் தரும் கருவி உண்டு. அந்தப் பட்டியலை வைத்து, சுவிட்சில் மண்டலப் பிரிப்பையும் (எந்தப் பெயர் எதனோடு பேசலாம் என்ற வரையறையையும்) ஸ்டோரேஜில் லன் அனுமதிகளையும் முதலில் முடித்துவிட்டு, அதன்பின் அந்தச் சேனலை அந்த எல்பாரில் சிறிது நேரம் ஆஃப்லைனாக்கி என்பிஐவியை இயக்குங்கள்.

கேள்வி: எங்கள் மெயின்ஃப்ரேமில் ஃபிகான் சேனல்களும் (மெயின்ஃப்ரேமின் மரபான வட்டு இணைப்பு முறை) 3390 வகை மெயின்ஃப்ரேம் வட்டுகளும் உள்ளன. இன்றுவரை சுவிட்ச் கிடையாது. நீங்கள் சொல்லும் அடையாளக் குழப்பத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. எஃப்சிபி முறைக்கு மட்டும் ஏன் இத்தனை எச்சரிக்கை?
– சூரமங்கலம் வாசகர்

பதில்: நல்ல கேள்வி, ஓடும் கேபிள் ஒன்றே என்பதால் பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். சேனல் அட்டைகூட ஒன்றுதான்: ஒரே ஃபிகான் எக்ஸ்பிரஸ் அட்டையின் போர்ட்டை ஐ/ஓ வரையறையில் ஒரு வகையாக எழுதினால் ஃபிகான், இன்னொரு வகையாக எழுதினால் எஃப்சிபி.

ஃபிகான் 1998இல் வந்தது. அதற்கு முன் 1990இலிருந்து எஸ்கான் இருந்தது. ஆனால் இவற்றின் மரபு 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360இன் சேனல் கட்டமைப்பிலிருந்து வருவது. அந்த மரபில், எந்த எல்பார் எந்த வட்டைக் காணலாம் என்பது இயந்திரத்தின் ஐ/ஓ வரையறையிலேயே, சேனல், கட்டுப்பாட்டு அலகு, சாதனம் என்று ஒவ்வொரு படியிலும் எழுதப்பட்டுவிடுகிறது. ஒரே சேனலை நான்கு எல்பார்கள் பகிர்ந்தாலும், ஒவ்வொன்றும் தன் எண்ணைச் சொல்லி ஸ்டோரேஜோடு தனக்கென ஒரு தர்க்கப் பாதையை நிறுவிக்கொள்கிறது. வந்திருப்பவர் யார் என்பது ஸ்டோரேஜுக்குத் தெரியும். இசட்/விஎம்மின் கீழ் இருக்கும் கெஸ்டுக்கோ, பயனர் கோப்பகத்தில் அதற்கு எழுதிக்கொடுத்த சிலிண்டர்கள் (வட்டின் இடப் பகுதிகள்) மட்டுமே உலகம். 3339 சிலிண்டர்கள் கொண்ட ஒரு 3390 மாடல் 3 வட்டில் முதல் ஆயிரத்தை ஒருவருக்கும் மீதியை மற்றவருக்கும் கொடுத்தால், ஒருவர் எல்லையை மற்றவர் தாண்ட முடியாது. எனவே ஃபிகானில் நேரடி இணைப்பு பாதுகாப்பைக் குறைப்பதில்லை. போர்ட் எண்ணிக்கை, தூரம் ஆகிய இரண்டையும் பார்த்தே அங்கே சுவிட்ச் வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

எஃப்சிபி நேர்மாறானது. ஐ/ஓ வரையறையில் சேனலும் அதன் சாதன எண்களும் மட்டுமே இருக்கும். மறுமுனையில் எந்த ஸ்டோரேஜ், எந்த லன் என்பது அங்கே எழுதப்படுவதே இல்லை. அவற்றைத் தீர்மானிப்பது ஆபரேட்டிங் சிஸ்டம். இயந்திரம் காவல் காத்த இடத்தில் இப்போது பெயர் மட்டுமே காவல் என்பதால்தான், அந்தப் பெயர் ஆளுக்கொன்றாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கேள்வி: இசட்/விஎம்முக்குள்ளேயே வீஸ்விட்ச் என்ற மெய்நிகர் சுவிட்ச் இருக்கிறதே, அது போதாதா? இல்லையென்றால் அலுவலகத்தில் சும்மா கிடக்கும் நெட்வொர்க் சுவிட்சைப் பயன்படுத்தலாமா?
– அஸ்தம்பட்டி கல்லூரி மாணவர்

பதில்: இரண்டும் ஆகாது. வீஸ்விட்ச் சுமப்பது ஈதர்நெட் சட்டகங்களை (தரவுப் பொட்டலங்களை). கெஸ்ட்கள் ஒன்றோடொன்றும் வெளியுலகத்தோடும் ஓஎஸ்ஏ என்ற நெட்வொர்க் அட்டை வழியாகப் பேசுவதற்கு அது உதவும். அலுவலக நெட்வொர்க் சுவிட்சும் அதே இனம். இழையும் செருகியும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும், எஃப்சிபி சேனல் பேசுவது ஃபைபர் சேனல் மொழி. அதைப் புரிந்துகொள்ளும் சுவிட்ச் தனியாக விற்கிறது. ஈதர்நெட்டிலேயே வட்டு வேண்டுமென்றால் லினக்ஸ் கெஸ்ட்களுக்கு என்எஃப்எஸ், ஐஸ்கசி ஆகிய வழிகள் உண்டு. அவை வேறு பாடம்.

கேள்வி: விளையாட்டாகத்தான் கேட்கிறேன். மெயின்ஃப்ரேம் சேலத்தில், ஸ்டோரேஜ் எங்கள் மலையில் என்று வைத்துக்கொண்டால் இணைக்க முடியுமா? இங்கே குளிரூட்டும் செலவாவது மிச்சமாகும் அல்லவா?
– ஏற்காடு வாசகர்

பதில்: முடியும், ஆனால் நேரடிக் கேபிளில் முடியாது. கட்டடத்துக்குள் ஓடும் பன்முறை இழை 16 கிகாபிட் வேகத்தில் ஓஎம்3 வகையானால் 100 மீட்டர், ஓஎம்4 வகையானால் 125 மீட்டர் வரைதான் தாங்கும். ஒற்றைமுறை இழையில், நீள் அலை அட்டையோடு, இடையில் எந்தக் கருவியும் இல்லாமல் 10 கிலோமீட்டர் வரை போகலாம். இழை காகம் பறக்கும் வழியில் போகாது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக்கொண்டு சாலையோரமாகவே ஏறும் என்றால் தூரம் சுமார் 30 கிலோமீட்டர் ஆகிவிடும். அந்த அளவுக்கு இரு முனையிலும் சுவிட்சுகளும், நடுவில் நெடுந்தூர ஒளிக் கருவிகளும் வேண்டும்.

அதிலும் சுவிட்ச் போர்ட்டில் போதுமான பஃபர் கிரெடிட் (பதில் வருமுன் அனுப்பக்கூடிய சட்டகங்களின் எண்ணிக்கை) இருக்க வேண்டும். நம் மாம்பழ வியாபாரிகளுக்கு இது உடனே புரியும்: கையில் உள்ள கிரேட்டுகளில் பழத்தை அனுப்பினால், காலிக் கிரேட் திரும்பி வந்த பிறகுதான் அடுத்த லோடு ஏற்ற முடியும்; சந்தை எவ்வளவு தூரமோ அவ்வளவு அதிகமாகக் கிரேட்டுகள் வேண்டும். முழு அளவுச் சட்டகங்களுக்கு 16 கிகாபிட் வேகத்தில் கிலோமீட்டருக்கு 8 கிரெடிட் என்பது நடைமுறைக் கணக்கு. 30 கிலோமீட்டருக்கு 240 ஆகிறது. அது குறைந்தால் இணைப்பு அறுந்துபோகாது. வேகம் மட்டும் சத்தமில்லாமல் விழும், காரணம் தேடுவோருக்குத் தலைவலி மிஞ்சும்.

ஒளி இழைக்குள் ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோவிநாடி எடுத்துக்கொள்கிறது. மலைக்கு ஏறி இறங்க 300. வழக்கமான எஃப்சிபி எழுதுதலில், அனுப்பலாமா என்று கேட்க ஒருமுறை, தரவை அனுப்பி முடிவைப் பெற ஒருமுறை என இரண்டு பயணங்கள் இருப்பதால் 600 மைக்ரோவிநாடி பயணத்துக்கே போய்விடும். ஃப்ளாஷ் ஸ்டோரேஜ் தன் வேலையை அதைவிடக் குறைந்த நேரத்தில் முடித்துவிடும் இக்காலத்தில், உங்கள் ஊர்க் குளிர்ச்சிக்கு அது அதிக விலை. நகல் வைத்துக்கொள்ளும் இரண்டாவது ஸ்டோரேஜுக்கு மலை நல்ல இடம்தான்.

கேள்வி: ஒருவழியாகச் சுவிட்ச் வாங்கச் சம்மதித்துவிட்டார்கள், ஆனால் ஒன்றுதான். ஒரு பாதையைச் சுவிட்ச் வழியாகவும் மற்றொன்றை நேரடியாகவும் வைத்துக்கொள்ளலாமா?
– ஓமலூர் வாசகர்

பதில்: கூடாது. என்பிஐவி, சேனல் வாரியாக, எல்பார் வாரியாக அமைவது. சுவிட்ச் வழிப் பாதையில் ஒவ்வொரு கெஸ்டும் தன் சொந்தப் பெயரோடு வரும். நேரடிப் பாதையிலோ எல்லாரும் பழையபடி சேனலின் பெயரிலேயே வருவார்கள். ஒரு கெஸ்டுக்கு இரண்டு பாதைகளும் வேண்டுமென்றால் அதன் லன்னை அந்தப் பொதுப் பெயருக்கும் திறந்துவிட வேண்டும். இருபது கெஸ்ட்களுக்கும் அப்படித் திறந்துவிட்டால், முன்வாசலில் பூட்டு வாங்கி மாட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதைதான். ஒரே பெரிய சுவிட்சுக்குப் பதிலாக, ஒன்றோடொன்று இணைக்கப்படாத இரண்டு சிறிய சுவிட்சுகளாக விலைப்புள்ளி கேளுங்கள். ஒவ்வொரு எல்பாருக்கும் ஒரு சேனல் இதில், ஒரு சேனல் அதில். கேட்கும்போதே, ஒரு போர்ட்டில் எத்தனை என்பிஐவி லாகின்களை அந்தச் சுவிட்ச் அனுமதிக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.