ராணுவத் துப்பாக்கிக்கு 5.56 நல்லதா, 7.62 நல்லதா?

மொபைல் கேம் ஆடும் தம்பி யாரோ கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். "7.62-க்குத்தான் பவர் அதிகம், அப்புறம் ஏன் நம் ராணுவம் இத்தனை வருஷம் 5.56 இன்சாஸை (நம் நாட்டிலேயே செய்த துப்பாக்கி) வைத்துக்கொண்டு திண்டாடியது?" என்று கேள்விக்குக் கீழே போட்டிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

நான் காலாட்படையில் இருந்தவன். அதில் கொஞ்ச காலம் 'கோத்' பொறுப்பு, அதாவது ஆயுத அறைச் சாவி என் இடுப்பில். ராணுவ ரகசியத்தை அவிழ்த்து விடுகிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் பல வருஷமாகப் பத்திரிகையில் வந்தவைதான்.

முதலில், 7.62 என்று ஒரே ஒரு தோட்டா கிடையாது. அது மில்லிமீட்டரில் குழலின் உள்விட்டம், அவ்வளவுதான். இதைத் தெரியாமல் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று சொல்கிறேன்.

ஒரு தடவை ஃபயரிங்குக்கு முந்தின நாள். எங்கள் ஆட்களிடம் இருந்தது ஏகே. தோட்டா கேட்டு அனுப்பிய இன்டென்ட்டில், அதாவது தேவைச் சீட்டில், எழுத்தர் ஒருவர் '7.62 மி.மீ. பால்' (ball, சாதாரணத் தோட்டா) என்று மட்டும் எழுதிவிட்டார். சாயங்காலம் வண்டியில் வந்து இறங்கியது எம்எம்ஜி, அதாவது நடுத்தர இயந்திரத் துப்பாக்கித் தோட்டா. பெட்டியைத் திறந்தால் உள்ளே லிங்க் கோத்து, பெல்ட் பெல்ட்டாக மடித்து வைத்திருக்கிறது. கூட நின்ற சின்னப் பையன் ஒன்றைக் கழற்றி எடுத்து, "இதுவும் ஏழு அறுபத்திரண்டுதானே உஸ்தாத், மேகசினில் போட்டுப் பார்க்கலாமா?" என்றான்.

மேஜை மேல் மூன்று தோட்டாவை வரிசையாக நிற்க வைத்தேன். ஏகே தோட்டாவின் கேஸ், அதாவது மருந்து அடைத்த உலோகக் கூடு, 39 மி.மீ. நீளம், குட்டையாக, மேலே போகப் போக ஒடுங்கியிருக்கும். எம்எம்ஜிக்கும், இன்சாஸுக்கு முன்னால் இருந்த பழைய எஸ்எல்ஆர் துப்பாக்கிக்கும் போடுவது 51, உயரமாக, கிட்டத்தட்ட நேராக நிற்கும். டிராகுனோவ் ஸ்னைப்பருக்கு 54, அடியில் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மூன்றுமே 7.62 தான். ஏகே தோட்டா நுனி முதல் அடி வரை 56 மி.மீ., எம்எம்ஜி தோட்டா 71 மி.மீ. குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் சேம்பர் வரைக்கும் போக வேண்டாம், ஏகே மேகசின் பெட்டிக்குள்ளேயே இறங்காது. பையன் அமுக்கிப் பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். திறந்த பெட்டிக்குக் காரணம் எழுதி, ஒவ்வொன்றாக எண்ணி, திருப்பி ஒப்படைத்து, அத்தனை தாளிலும் கையெழுத்துப் போட்டவன் நான். எழுதின ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டாளத்தில் சுட்டு முடித்த காலி கேஸ் ஒன்று குறைந்தால்கூட புல்லுக்குள் தவழ்ந்து தேட வேண்டும். இவ்வளவு பொறுப்பாக இருந்துவிட்டு ஊருக்கு வந்தால், சொந்தக்காரன் கேட்கிற முதல் கேள்வி "கேன்டீன் சரக்கு ஏதாவது இருக்கா?" ஒருத்தராவது என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டதில்லை. சரி, அதை விடுங்கள்.

'பவர்' கணக்குக்கு வருவோம். குண்டு என்பது தோட்டாவின் நுனியிலிருந்து பறந்து போகும் பகுதி மட்டும். 5.56-இன் குண்டு சுமார் 4 கிராம், வினாடிக்கு 900 மீட்டருக்கு மேல் போகும். எஸ்எல்ஆர் குண்டு 9.5 கிராம், சுமார் 840 மீட்டர். ஏகே குண்டு 8 கிராம், ஆனால் 715 மீட்டர்தான். அதாவது ஏகே குண்டு கனமானது, மெதுவானது. 300 மீட்டருக்கு மேல் நன்றாகவே கீழே இறங்கிவிடும். அந்தத் தூரத்தில் 5.56 தட்டையாகப் போகும், குறி வைப்பது சுலபம். இதில் எதைப் பவர் என்று சொல்வது?

அப்புறம் எடை. 5.56 முழுத் தோட்டா சுமார் 12 கிராம், எஸ்எல்ஆர் தோட்டா 24 கிராம். அதே கனத்துக்கு இரண்டு மடங்கு தோட்டா. உட்கார்ந்த இடத்தில் படிக்கும்போது இது சாதாரணமாகத் தெரியும். மலையில் ஏறும்போது இடுப்பு பவுச்சும் முதுகுப் பையும் இழுக்கிற இழுப்பில்தான் தெரியும். உலக நாடுகள் சின்னக் குண்டுக்குப் போனதற்கு எடை, உதைப்பு, பெரும்பாலான சண்டை 300 மீட்டருக்குள்ளேயே நடக்கிறது என்கிற அனுபவம், இவைதான் காரணம். "காயம்பட்டவனைத் தூக்க எதிரியில் இரண்டு பேர் போவான், அதற்காகத்தான் 5.56" என்று ஒரு கதை சுற்றுகிறதே, அதை நம்பாதீர்கள். எதிரி எழுந்து திருப்பிச் சுடட்டும் என்று எந்த ராணுவமும் தோட்டா வாங்காது.

இன்சாஸுக்குக் கெட்ட பெயர் வந்தது கார்கிலில், 1999-ல். குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது, ஒரு இழுப்புக்கு மூன்று தோட்டா மட்டும் சுடும் 'பர்ஸ்டில்' வைத்தால் சில துப்பாக்கி நிற்காமல் சுட்டது. இதெல்லாம் செய்நேர்த்தியில் வந்த கோளாறு. பழி கேலிபர், அதாவது குழல் அளவின் தலையில் விழுந்தது.

அப்படியானால் மறுபடி ஏன் 7.62? தீவிரவாதிகளை வீட்டுக்குள்ளும் காட்டுக்குள்ளும் கிட்டத்தில் எதிர்கொள்கிறவன், ஒரே குண்டில் ஆள் விழ வேண்டும் என்று பார்க்கிறான். இலை, கிளை, மெல்லிய மரப்பலகைக்குப் பின்னால் ஒளிந்தவனுக்கும் கனமான குண்டுதான் தோது. அதற்குத்தான் ஏகே-203. 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கு மேல் ஒப்பந்தம் போட்டு, அமேதி மாவட்டம் கோர்வாவில் செய்கிறார்கள். எல்லைக் காவலுக்குத் தூரமும் வேண்டும், அடியும் வேண்டும். அதற்கு 2019-ல் வாங்கிய 72,400 சிக் 716 துப்பாக்கிகள். முதலாவது 39, இரண்டாவது 51. பத்திரிகைக்காரர் இரண்டையும் '7.62 துப்பாக்கி' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்.

தோட்டா வகையையும் யாரும் கேட்பதில்லை. 5.56-லேயே பழைய அமெரிக்கக் குண்டு 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு, 15 கிரெய்ன் சுமார் ஒரு கிராம்), பின்னால் நேட்டோ ஏற்றது 62 கிரெய்ன். குண்டு நீண்டதால், அதைச் சுழலவிடக் குழலுக்குள் வெட்டிய வரிகளின் முறுக்கையும் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதிலிருந்து 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இறுக்க வேண்டியிருந்தது. பழைய குழலில் புதுக் குண்டைப் போட்டால் ஆடிக்கொண்டே போகும், டார்கெட்டில் ஓட்டை பக்கவாட்டாக விழும். துப்பாக்கி மேல் குற்றம் சொல்வதற்கு முன்னால் பெட்டி லேபிளைப் பாருங்கள் என்று கோத்தில் கத்திக்கொண்டே இருப்பேன்.

"நுனி குழிந்த குண்டு போட்டால் 5.56-ஏ போதுமே" என்று கமென்ட்டில் ஒருவர் நிச்சயம் வருவார். உடம்புக்குள் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899-லேயே ஹேக் நகரில் பிரகடனம் ஆகிவிட்டது. அந்த வாக்குவாதத்தின் நடுவில் இருந்ததே கொல்கத்தா பக்கத்து டம்டம் தொழிற்சாலையில் பிரிட்டிஷார் செய்த குண்டுதான். அதனால் சிப்பாய்க்குக் கொடுப்பது முழுக்க உலோக உறை போட்ட குண்டு. போலீஸ் கணக்கு வேறு.