முதல் பேஸுக்கு எத்தனை தடவைதான் எறிவது?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகனுக்கு வயது 16. பள்ளி பேஸ்பால் அணியில் வலது கை பிட்சர், அதாவது பேட்டருக்குப் பந்து எறிபவன். நல்ல வேகம் உண்டு. ஆனால் முதல் பேஸில் (ரன்னர் தொட்டு நிற்கும் முதல் இடம்) எதிரணி ஆள் நின்றால் போதும், இவன் பேட்டருக்கு எறியும் நேரம் பார்த்து ஓடி இரண்டாவது பேஸைத் திருடிவிடுகிறார்கள். அடிக்கடி முதல் பேஸுக்கு எறிந்து மிரட்டச் சொல்லட்டுமா?

பதில்: அதற்கு முன் ஒரு ஸ்டாப்வாட்ச்சை எடுங்கள். அவன் முன்கால் அசையும்போது அமுக்கி, பந்து பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சரின் கிளவுஸில் விழும்போது நிறுத்துங்கள். தொழில்முறை ஆட்டத்தில் இது 1.3 நொடிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். கேட்சர் பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிய ஏறத்தாழ 2 நொடி. ஆக 3.3. வேகமான ரன்னர் கிளம்பிச் சறுக்கிச் சேர 3.4 நொடி வாக்கில் ஆகும். இந்த இடைவெளிக்குள் டேகும் (பந்தால் ரன்னரைத் தொடுவது) செய்தாக வேண்டும். உங்கள் பையன் முழங்காலை மார்புவரை தூக்கி 1.6 நொடி எடுத்தால் எந்தக் கேட்சராலும் ஒன்றும் செய்ய முடியாது. திட்டு மட்டும் கேட்சருக்கு விழும்.

காலைத் தூக்காமல் தரையை ஒட்டி முன்வைக்கும் ஸ்லைட் ஸ்டெப் நேரத்தைக் குறைக்கும். ஆனால் பழகாதவர்களுக்குப் பந்து மேலே மிதந்து போகும், வேகமும் குறையும். திருட்டைத் தடுக்கப் போய் ஹோம் ரன் வாங்கக்கூடாது அல்லவா? எல்லாப் பந்துக்கும் வேண்டாம்.

என் அனுபவத்தில் காசில்லாத மருந்து, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பதுதான். செட் நிலைக்கு (எறியுமுன் அசையாமல் நிற்கும் நிலை) வந்தபின் ஒரு பந்துக்கு ஒரு நொடி, அடுத்ததற்கு நான்கு, பிறகு இரண்டு. ரன்னர் மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் கிளம்புகிறான். இளம் பிட்சர்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே தாளத்தில் எறிந்து அவனுக்கு உதவி செய்கிறார்கள். நிறுத்தம் நீண்டால் அவன் கால் இறுகிப்போகும், பாய்ச்சல் மந்தமாகும்.

பிக்-ஆஃப், அதாவது நீங்கள் கேட்டபடி ரன்னரை மடக்க முதல் பேஸுக்கு எறிவது, அப்புறம்தான். 2004 அக்டோபரில், பாஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேரா, பாஸ்டன் ரன்னர் டேவ் ராபர்ட்ஸை மடக்க மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்தார். ராபர்ட்ஸ் அடுத்த பந்திலேயே திருடினார். 2023-இல் வந்த மேஜர் லீக் விதிப்படி, ஒரு பேட்டர் ஆடும்போது இப்படி இரண்டு முறை எறியலாம்; மூன்றாவது முறையும் எறிந்து ஆளை வீழ்த்தாவிட்டால் பால்க், அதாவது ரன்னருக்கு அடுத்த பேஸ் இலவசம். பேஸ்களையும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். மேஜர் லீகில் 2022-இல் மொத்தம் 2,486 ஆக இருந்த திருட்டு, 2023-இல் 3,503. பள்ளி ஆட்ட விதி வேறாக இருக்கலாம், பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அனுபவமுள்ள ரன்னர் பிட்சரின் முகத்தைப் பார்ப்பதில்லை, வலது குதிகாலைப் பார்ப்பான். அது முதலில் எழும்பினால் பேஸுக்குத் திரும்புவான். இடது கால் எழும்பினால் ஓடுவான். அடுத்த பயிற்சியில் முதல் பேஸ் பக்கம் நின்று உங்கள் பையனின் கால்களை மட்டும் வீடியோ எடுத்து அவனிடமே காட்டுங்கள்.