விஸ்கியை ருசி பார்ப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, ராவாக ஒரு மடக்கு குடித்தாலே தொண்டை எரிகிறது, ருசி எதுவும் பிடிபடவில்லை. எனக்கு விஸ்கி ஒத்துவராதோ?

பதில்: அதற்குள் அப்படி முடிவு கட்டாதீர்கள் தம்பி. எரிச்சல் ஆல்கஹாலால் வருவது, ருசி அதற்குப் பின்னால் இருக்கிறது. 15 மில்லி ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். கிளாஸ் அடியில் அகன்று, வாய் குறுகி இருந்தால் வாசம் உள்ளேயே நிற்கும். மூக்கை உள்ளே நுழைக்காமல் விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்து பாருங்கள். வாய் மூடியிருந்தால் நெடி முழுக்க மூக்கில் ஏறிவிடும். முதல் மடக்கு நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். அரை டீஸ்பூன் போதும், நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். இரண்டாவது மடக்கில் தேனோ, வெனிலாவோ, உலர்ந்த திராட்சையோ மெல்லத் தலைகாட்டும்.

கேள்வி: தண்ணீர் கலந்தால் நல்ல விஸ்கி பாழாகிவிடும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: சரியில்லை. பல விஸ்கிகளைச் சேர்த்து பிளெண்ட் உருவாக்குபவர்களே, ஆல்கஹால் 20 சதவீத அளவுக்கு இறங்கும்வரை தண்ணீர் விட்டுத்தான் முகர்ந்து பார்ப்பது வழக்கம். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். புகைவாசம் தரும் குவையகோல், தண்ணீர் சேரச் சேர மேற்பரப்புக்கு வருவது தெரிந்தது. ஆனால் கிளாஸை நிரப்பிவிடாதீர்கள். ஸ்பூனால் இரண்டு சொட்டு, பிறகு ருசி, மறுபடி இரண்டு சொட்டு. எரிச்சல் அடங்கி ருசி மங்காத இடம் ஒன்று வரும், அங்கே நிறுத்துங்கள். ஐஸ் குளிர்ச்சிக்கு நல்லது, ஆனால் வாசத்தை அமுக்கிவிடும். ருசி பழகும்வரை வேண்டாம்.

கேள்வி: சிங்கிள் மால்ட் என்றாலே உசத்தியா சார்?

பதில்: ஒரே டிஸ்டிலரியில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்துத் தயாரித்தது என்று அர்த்தம். பல பீப்பாய்கள் அதில் சேர்ந்திருக்கலாம். தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. நன்றாகக் கலந்த பிளெண்டை நான் பல மால்ட்டுகளுக்கு மேலாக வைப்பேன்.

கேள்வி: 12 வருடம், 18 வருடம் என்று போட்டிருக்கிறார்களே, அதிக வருடத்தையே வாங்கலாமா?

பதில்: அந்த எண், பாட்டிலுக்குள் இருப்பவற்றில் மிக இளையதன் வயது. பாட்டிலில் அடைத்த பிறகு வயது ஏறாது. ஸ்காட்ச் என்றால் ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் இருந்தாக வேண்டும், ஆல்கஹாலும் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பீப்பாய்தான் பெரும்பகுதி ருசியைத் தருகிறது. போர்பன் எனும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய் வெனிலா பக்கம் இழுக்கும், ஷெர்ரி ஒயின் இருந்தது உலர்பழத்தின் பக்கம். ஆகவே வயதுக்கு முன்னால் எந்தப் பீப்பாய் என்று லேபிளில் தேடுங்கள். அளவுக்கு மீறி மரத்தில் கிடந்தால் கசப்பேறி, மரம் மட்டுமே மிஞ்சும்.

கேள்வி: நிறம் அடர்த்தியாக இருந்தால் நல்லதுதானே?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். ஸ்காட்சில் கேரமல் நிறம் சேர்க்க விதியே இடம் தருகிறது.

கேள்வி: ஒருவர் கொடுத்த விஸ்கியில் ஆஸ்பத்திரி வாடை. கெட்டுப்போனதா அண்ணே?

பதில்: கெடவில்லைம்மா. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் தயாராகும் லாஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் போன்ற விஸ்கிகளில் அந்த வாசம்தான் அடையாளம். பார்லியைக் காயவைக்கும்போது பீட் எனும், சதுப்புநிலத்தில் செடிகொடிகள் மக்கி உருவான மண்கட்டியை எரித்துப் புகை போடுகிறார்கள். முதல் பாட்டிலாக அதை வாங்க வேண்டாம். இனிப்பான போர்பன், மென்மையான ஐரிஷ், ஷெர்ரி பீப்பாய் ஸ்காட்ச் என்று வந்து, புகையைக் கடைசியில் வையுங்கள். ஒரே அமர்விலும் இதே வரிசைதான். புகையை முதலில் குடித்தால் பின்னால் வருவது எதுவும் தெரியாது.

கேள்வி: பாட்டிலைப் படுக்கவைக்கலாமா?

பதில்: கூடாது. ஆல்கஹால் பட்டுப்பட்டு கார்க் அரித்துவிடும். நிறுத்தி, வெயில் படாமல் வையுங்கள். கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் சிறிய பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: குடிக்காமலே மூக்கைப் பழக்க வழி உண்டா?

பதில்: உண்டு. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நன்றாகத் தேய்த்து முகருங்கள். ஆல்கஹால் பறந்துபோய் தானியமும் மரமும் நிற்கும். குடித்த கிளாஸையும் உடனே கழுவாதீர்கள். காலையில் எடுத்து முகர்ந்தால், இரவு பிடிபடாத வாசம் அதன் அடியில் காத்திருக்கும்.