புல்டாக்கை மோட்டார் கொட்டகையில் கட்டலாமா?

கேள்வி: பாகூர் பக்கம் இரண்டு காணியில் நெல் போட்டிருக்கிறேன், கறவை மாடு இரண்டு இருக்கிறது. புதுச்சேரி டவுனில் இருந்த மச்சான் வெளியூர் போகும்போது மூன்று வயது புல்டாக் ஒன்றை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். காவலுக்கு ஆகும் என்று மோட்டார் கொட்டகையில் கட்டினேன். பகலெல்லாம் கொர்கொர் என்று மூச்சு வாங்குகிறது. மூக்குக்கு மேலே இருக்கும் மடிப்பில் கெட்ட வாடை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவியும் போகவில்லை. மாட்டு உண்ணி மருந்தையே இதற்கும் போடலாமா? தினமும் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: இன்றைக்கே அதைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது வாய், மூக்கு, தொண்டையின் ஈரம் காற்றில் உலர்கிறது. உடம்புச் சூடு தணிவது அப்படித்தான். புல்டாக்குக்கு முகம் சப்பை, மூக்குத் துளை குறுகல், உள்ளே அண்ணத் தசை நீண்டு மூச்சுப் பாதையை அடைக்கும். போதாததற்கு நம் கடலோரப் புழுக்கத்தில் ஈரம் சீக்கிரம் உலராது. தகரக் கூரைக்கடியில், கத்திரி வெயில் நேரத்தில், ஒரே மதியத்தில் உயிர் போய்விடும். ‘இந்த ஜாதியே இப்படித்தான் குறட்டை விடும்’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சத்தம் மூச்சு தடைபடும் சத்தம், அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

வீட்டில் காற்றோட்டமான இடத்தில், தரையில், மின்விசிறிக்கு அடியில் படுக்கட்டும். குடிதண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்குள் ஒரு நடை, இருட்டிய பிறகு ஒரு நடை, ஒவ்வொன்றும் கால் மணி நேரம் போதும். கழுத்துப் பட்டை மூச்சுக் குழாயை அழுத்தும். மார்பைச் சுற்றிப் போடும் வார்ப்பட்டை வாங்குங்கள்.

நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-க்கு மேல் போனாலோ, எச்சில் நூலாக ஒழுகி நடை தள்ளாடினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்காதீர்கள். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறி போட்டு, அந்த ஈரத்தோடேயே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இனி மடிப்புக்கு வருவோம். எண்ணெய்தான் அங்கே வினை. காற்று புகாத இடத்தில் ஈரமும் அழுக்கும் தங்கி, பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. எண்ணெய் தடவினால் அந்த ஈரம் உள்ளேயே அடைபடுகிறது. தினமும் ஒரு தடவை மெல்லிய பருத்தித் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மடிப்பை விரித்துத் துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் ஈரம் துளிகூட இல்லாமல் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு விடுவதைவிடத் துடைக்காமலே விடலாம். முகத்தோடு நிறுத்தாமல் வாலடியையும் பாருங்கள். சில புல்டாக்குகளுக்கு வால் சுருண்டு உள்ளே ஒரு குழி இருக்கும், அங்கே புண் வந்தால் வெளியே தெரியாது. கால் விரலிடுக்கிலும் கட்டி வரும், சேற்றில் மிதித்து வந்தால் கழுவித் துடைத்துவிடுங்கள். மடிப்பு சிவந்து நீர் கசிந்தால் துடைப்பது மட்டும் போதாது, மருந்து வேண்டும்.

மாட்டு உண்ணி மருந்து கண்டிப்பாக வேண்டாம். 300, 400 கிலோ மாட்டுக்கென்று செய்த மருந்து அது. இந்த நாய் 25 கிலோ இருந்தாலே பெரிது. போதாக்குறைக்கு உடம்பை நக்கி மருந்தை உள்ளே தள்ளிவிடும். மாட்டுக்குப் போடும் உண்ணி ஊசியும் அப்படித்தான், அளவு தெரியாமல் போடக்கூடாது. நாய்க்கென்றே மாத்திரையும் முதுகில் விடும் சொட்டு மருந்தும் உண்டு, எடையைச் சொல்லி மருத்துவரிடம் வாங்குங்கள். உண்ணியால் வரும் ரத்தக் காய்ச்சல் நாயைக் கொன்றுவிடும். காது மடலையும் விரலிடுக்கையும் தினமும் தடவிப் பாருங்கள்.

சாப்பாடு இரண்டு வேளை, அளவாக. கொழுத்தால் மூச்சு இன்னும் முட்டும். கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். வெங்காயம் போட்ட குழம்பு, திராட்சை, வெந்த எலும்பு எதுவும் வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசி வருடந்தோறும். எலிக்காய்ச்சல் சேர்ந்த தடுப்பூசியும் போடுங்கள். வயல் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், அந்த நோய் நாயிடமிருந்து உங்களுக்கும் வரும்.

மோட்டார் தொட்டியில் குளிக்க இறக்கிவிடாதீர்கள். தலை பாரம், கால் குட்டை. பெரும்பாலான புல்டாக்குகள் நீந்தத் தெரியாமல் மூழ்கிவிடும். கிணறு, குட்டை பக்கம் தனியே விடவும் கூடாது.

காவலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் காளையைக் கடிக்கவிட்டு வேடிக்கை பார்க்க வளர்த்த நாய் இதன் முன்னோர். அந்த விளையாட்டை 1835-இல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்த தலைமுறைகளை வீட்டு நாயாகவே வளர்த்துவிட்டார்கள். இன்றைய புல்டாக் மனிதனை ஒட்டிக்கொண்டு கிடக்கும், தனியே கட்டினால் ஏங்கிவிடும். வயலுக்குக் காவல் வேண்டுமானால் கோம்பை நாய்க்குட்டி ஒன்று வாங்குங்கள், நம் வெயில் அதற்குப் பழக்கம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் பாருங்கள். குளிர்ந்த நேரத்திலும் மூச்சுச் சத்தம் குறையவில்லை என்றால், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்தால், குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். குறுகிய மூக்குத் துளையை அறுவை செய்து அகலப்படுத்த முடியும். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், ஈரத் துண்டு இரண்டும் ஒரு குடம் தண்ணீரும் வண்டியில் இருக்கட்டும்.