முன்பணம் கட்டும் முன் உச்சி வெயிலில் வோல்ற்றேஜ் பாருங்கள்

முத்தையன்கட்டு இடதுகரையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "எங்கள் கூரையில் 5 கிலோவாட் சோலார் போட்டு மின்சார சபைக்கு விற்கலாம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. கடன் எடுத்துத்தான் போட வேண்டும். ஆனால் அடுத்த ஒழுங்கையில் போட்டவருக்கு நல்ல வெயில் நேரத்தில்தான் இன்வேட்டர் நின்று போகிறதாம். ஏன்? நாங்கள் போடலாமா? கரண்ட் போனால் எங்கள் வீட்டில் லைட் எரியுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எரியாது, அக்கா. பற்றரி இல்லாத சாதாரண சோலார், லைனில் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரின் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது. லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி அவர் கம்பியைத் தொடும்போது உங்கள் கூரையிலிருந்து கரண்ட் போய்விடக் கூடாது. அந்த நேரத்திலும் லைட் வேண்டுமென்றால் பற்றரியும், அதோடு சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வேட்டரும் போட வேண்டும். (இன்வேட்டர் என்பது பனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி.) செலவு நன்றாகக் கூடும்.

இனி அடுத்த ஒழுங்கைக்காரரின் பிரச்சினை. நீங்கள் வாய்க்கால் ஓரத்து ஆள், உங்களுக்கு இது சுலபமாக விளங்கும். குளத்துத் தண்ணீர் கடைசி வயலுக்கு வரும்போது மட்டம் இறங்கித்தான் வரும். அந்தக் கடைசி வயல்காரர் தன் கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலுக்குள் இறைத்து மேலே அனுப்பப் பார்த்தால் என்ன நடக்கும்? அவருடைய முனையில் மட்டம் உயர்ந்தால்தான் தண்ணீர் திரும்பி ஓடும். வாய்க்கால் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் வரம்பு முட்ட உயர வேண்டி வரும். சோலார் கரண்டும் அப்படித்தான். அந்த மட்டத்தைத்தான் வோல்ற்றேஜ் என்கிறோம்.

கணக்கிலும் பார்ப்போம். 70 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பிக்கு ஒரு கிலோமீற்றரில் சுமார் 0.44 ஓம் தடை. போக, வர இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 0.9. வீட்டில் பாவனை இல்லாத மத்தியானத்தில் 5 கிலோவாட் சோலார் 20 அம்பியர் அளவில் வெளியே தள்ளும். டிரான்ஸ்போமர் ஒரு கிலோமீற்றர் தள்ளி இருந்தால் உங்கள் சோலாரால் மட்டுமே உங்கள் வீட்டில் 18 வோல்ற் ஏறும். நம் நாட்டில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ற், கூடினால் 244, குறைந்தால் 216. ஏற்கெனவே 235 இருக்கும் இடத்தில் 18 ஏறினால் 253. வோல்ற்றேஜ் எல்லையைத் தாண்டியதும் இன்வேட்டர் நின்றுவிடும், சற்றுப் பொறுத்துத் திரும்ப ஓடும், மீண்டும் நிற்கும். விற்க வேண்டிய யூனிட் எல்லாம் அந்த நேரத்தில்தான் வீணாகப் போகிறது.

போர்க்காலத்தில் வன்னி நெடுங்காலம் லைன் கரண்ட் இல்லாமலே கிடந்தது. பிறகு காணிக்குக் காணி தள்ளித் தள்ளி இருக்கிற வீடுகளுக்கு நீள நீளமாக லைன் இழுத்தார்கள். அதனால் பனல் எந்த நாட்டுச் சாமான் என்று விசாரிப்பதற்கு முன் டிரான்ஸ்போமரிலிருந்து உங்கள் வீடு வரை கம்பங்களை எண்ணுங்கள். கம்பத்துக்குக் கம்பம் 40 மீற்றர் என்று வைத்தால் 25 கம்பம் ஒரு கிலோமீற்றர். அப்புறம் தெரிந்த ஒரு எலக்ட்ரீசியனைக் கொண்டு இரண்டு நேரம் வோல்ற்றேஜ் அளக்கச் சொல்லுங்கள்: வெயில் எறிக்கும் ஒரு ஞாயிறு 12 மணிக்கு, அன்றே இரவு 7 மணிக்கு. பகலில் 240ஐத் தாண்டி, இரவில் 215க்குக் கீழே இறங்கினால் உங்கள் லைன் மெலிந்த லைன்.

மெலிந்த லைன் என்றாலும் வழி இருக்கிறது. 5க்குப் பதில் 2 அல்லது 3 கிலோவாட் போடலாம். கிணற்று மோட்டரை விடியப்புறம் போடாமல் மத்தியானம் போட்டால் அந்தக் கரண்ட் வீட்டிலேயே செலவாகும். இன்வேட்டரிலிருந்து மீற்றர் வரைக்கும் தடித்த வயர் இழுக்கச் சொல்லுங்கள், நிறுவனங்கள் மிச்சம் பிடிக்கும் இடம் அது. மூன்று பேஸ் இணைப்புக்கு மாறினாலும் ஏற்றம் நன்றாகக் குறையும், ஆனால் அதற்குத் தனிச் செலவு.

பணக் கணக்கு சுருக்கமாக. ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்குச் சுமார் 4 யூனிட் என்று எடுங்கள், 5க்கு மாதம் 600. மார்கழி மழையில் குறையும். 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற அரசாங்கத்தின் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது மிஞ்சிய யூனிட்டை விற்க ஒப்பந்தம் செய்தவர்களுக்கு முதல் 7 வருடம் 22 ரூபாய், அடுத்த 13 வருடம் 15.50. அதன் பின் விலை பல தடவை மாறிவிட்டது, அயலவருக்குக் கிடைக்கும் விலை உங்களுக்கும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது, பகல் கரண்ட் நாட்டுக்கே அவ்வளவு மிஞ்சியது. ஆகவே இன்றைய விலையையும், உங்கள் டிரான்ஸ்போமரில் புதுச் சோலார் சேர்க்க இன்னும் இடம் இருக்கிறதா என்பதையும் உங்கள் பிரதேச மின்சார அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை வங்கியில் கையெழுத்துப் போட வேண்டாம்.

அளந்த இரண்டு எண்களையும், டிரான்ஸ்போமர் எத்தனை கம்பம் தள்ளி என்பதையும், கடைசி மூன்று மாத பில்லையும் அனுப்புங்கள் அக்கா. 5 தானா, 3 போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.