நைத்திரைட்டு செய்யிறதைப் பற்றி கேட்டதுகளுக்கு என்ர பதில்

யாழ் கம்பஸில கெமிஸ்ட்ரி படிச்சு இப்ப உலை வேலையோடயே இருக்கிறன், கேட்டதுகளுக்கு தெரிஞ்ச வரைக்கும் எழுதுறன். நைத்திரைட்டு எண்டா நைதரசன் இன்னொரு மூலகத்தோட, கூடுதலா உலோகத்தோட, சேர்ந்த சேர்வை.

கேள்வி (ஏ/எல் தம்பி, கொக்குவில்): அக்கா, மகனீசியம் நாடா எரிச்ச சாம்பலுக்கு தண்ணி விட்டா அமோனியா மணக்கும் எண்டு டியூசனில சொன்னவை. அது ஒட்சைட்டுதானே, நைதரசன் எங்கால வந்தது?

பதில்: ஓம் தம்பி, முக்கால்வாசிக்கு மேல ஒட்சைட்டுதான். ஆனா காத்தில 78 வீதம் நைதரசன், எரியேக்க சூடும் பயங்கரம், அதால கொஞ்சம் மகனீசியம் நைதரசனையும் பிடிச்சிடும். தண்ணி பட்டோடன அந்த நைத்திரைட்டு உடைஞ்சு அமோனியா வரும். எக்ஸாமில நைத்திரைட்டையும் நைத்திரைற்றையும் மாத்தி எழுதிப்போடாதை, ற்று எண்டா ஒட்சிசனும் கூட இருக்கு.

கேள்வி (கம்பஸ் கடைசி வருசம்): அக்கா, கல்லியம் எண்ட உலோகத்தின்ர நைத்திரைட்டு செய்ய, கல்லியம் ஒட்சைட்டை நைதரசன் வாயுவில 700 பாகையில 6 மணித்தியாலம் சூடாக்கினன், போட்ட வெள்ளைப் பவுடர் அப்பிடியே வருது. என்ன பிழை?

பதில்: தங்கச்சி, பிழை வாயுவில. நைதரசன் மூலக்கூறின்ர மும்மைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோயூல் வேணும், அந்தச் சூட்டில அது சும்மா வந்து சும்மா போகும். அமோனியா விடுங்கோ, அதில இருக்கிற ஐதரசன் ஒட்சிசனைத் தண்ணி ஆவியாக் கொண்டுபோகும், நைதரசன் அந்த இடத்தில இருக்கும். 900 பாகைக்கு மேல போகவேணும், பவுடரை போட்டில (உலைக்குள்ள வைக்கிற சின்ன நீளத் தட்டு) மெல்லிசாப் பரவுங்கோ, குவிச்சு வைச்சா அடியில வாற ஆவி வெளிய போகேலாம தாக்கம் அரைவாசியில நிக்கும். வெளிர் மஞ்சளா வந்தா சந்தோசப்படலாம், எண்டாலும் பவுடரை எக்ஸ்ரே கோணல் முறையில (எக்ஸ்ரே டிஃப்ராக்சன், எந்தச் சேர்வை எண்டு காட்டும்) பாக்காம நம்பாதேங்கோ. ஆறேக்கையும் அமோனியா ஓடவேணும்.

இன்னொண்டு, இதை நான் நட்டப்பட்டுத்தான் படிச்சனான். ஒருக்கா இடையில கரண்ட் போட்டுது, உலைக் குழாய் ஆற உள்ள வாயு சுருங்கி, வெளியில அமோனியாவைப் பிடிக்க வைச்ச அமிலத் தண்ணியை அப்பிடியே உள்ளுக்கு இழுத்துப்போட்டுது, குழாயும் வெடிச்சு மூண்டு நாள் வேலையும் போச்சு. குழாய்க்கும் அமிலத் தண்ணிக்கும் நடுவில ஒரு வெறும் போத்தல் கட்டாயம் வையுங்கோ.

கேள்வி (லேத் வேலை, சுன்னாகம்): தங்க நிற ட்ரில் பிட்டில இருக்கிறதும் நைத்திரைட்டுதானோ?

பதில்: ஓம் அண்ணை, டைட்டானியம் நைத்திரைட்டு. ஆனா அது வெற்றிடத்தில படிய விடுற மெல்லிய பூச்சு, பவுடர் முறை இல்லை.

கேள்வி (ஆய்வு மாணவர்): இலிதியம் நைத்திரைட்டையும் டைட்டானியம் முக்குளோரைட்டையும் கலந்தா டைட்டானியம் நைத்திரைட்டு செக்கனில வந்து முடியுமாமே, உரலில அரைக்கலாமோ?

பதில்: அரைக்கவே வேண்டாம் தம்பி, கையிலயே பத்தும். குளோரினும் நைதரசனும் ஆளை மாத்திக்கொள்ளுற தாக்கம் இது, இலிதியம் குளோரைட்டு உண்டாகிறதில வாற சூடே 1000 பாகையைத் தாண்டும். குளோவ் பொக்ஸுக்குள்ள (காத்தும் ஈரமும் போகாம, பூட்டின கையுறையால வேலை செய்யிற பெட்டி), ஒரு கிராமுக்குக் குறைய, மெதுவாக் கலந்து, சூடான கம்பியாலதான் பத்த வைக்கிறது. பேந்து தண்ணியில கழுவ உப்புப் போயிடும், டைட்டானியம் நைத்திரைட்டு மிஞ்சும். ஆனா இதையே கல்லியத்துக்குச் செய்யப் போனா அந்தச் சூட்டில நைதரசன் பறந்து வெறும் உலோகத் துளிதான் கிடைக்கும், அதுக்கு உயர் அமுக்கம் வேணும். சூட்டைக் குறைக்க அமோனியம் குளோரைட்டு கொஞ்சம் சேர்க்கிறவை, டைட்டானியத்தோட முதல் அதைச் செய்து பாருங்கோ.