நோயோடு வாழ்ந்து இளம் வயதிலேயே போய்விட்ட அம்மாவைப் பற்றிக் குழந்தையிடம் என்ன சொல்வது?

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அப்படியே நகர முடியவில்லை. மனைவி பல வருடம் நோயோடு இருந்தவர், மகளுக்கு நான்கு வயது, வளர்ந்தபின் அம்மாவின் நோயைப் பற்றிச் சொல்லலாமா, நல்லதை மட்டும் சொல்லி வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் போய் அதிக நாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். "அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லு" என்று வீட்டில் ஒருவராவது யோசனை சொல்லியிருப்பார்.

சொல்லுங்கள். நோயின் பெயரோடு சொல்லுங்கள். வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். நாங்கள் அதில் தாமதித்தோம்.

என் அக்காவுக்கு லூபஸ். நோயிலிருந்து காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே உடம்பைத் திருப்பித் தாக்கும் நோய். இது வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். அக்காவுக்கு 24 வயதில் கண்டுபிடித்தார்கள். 27இல் பையன் பிறந்தான். 34இல் சிறுநீரகம் பழுதாகி, அதன்மேல் கிருமித் தொற்றும் சேர்ந்து போய்விட்டாள். அப்போது அவனுக்கு ஏழு வயது.

அடுத்த வருடம் ஒரு விசேஷத்தில், உறவுக்காரர் ஒருவர் அவன் தலையைத் தடவிக்கொண்டே, "பாவம், இவனைப் பெத்ததுல இருந்துதான் அவளுக்கு உடம்பு போச்சு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அன்று ராத்திரி விளக்கை அணைத்தபிறகு கேட்டான்: "சித்தி, நான் பொறக்காம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்களா?"

எட்டு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? எனக்கு உடனே பதில் வரவில்லை. எழுந்து விளக்கைப் போட்டேன். பிறகு எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவனிடம் சொன்னேன்.

அவன் கருவில் உண்டாவதற்கு முன்பே அம்மாவுக்கு அந்த நோய் இருந்தது. பிள்ளை வேண்டும் என்று அவள்தான் மருத்துவரிடம் கேட்டாள். நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும், கருவுக்கு ஆகாத மாத்திரைகளை முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்றார் அவர். அக்கா காலண்டரில் நாளைக் குறித்துக்கொண்டு காத்திருந்தாள். நடுவில் ஒருமுறை மூட்டுகள் வீங்கின. திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். அவள் ரத்தத்தில் இருந்த ஒருவகை எதிர்ப்பொருள் குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடும் என்பதால், கர்ப்ப காலத்தில் அடிக்கடி ஸ்கேன் எடுத்துத் துடிப்பைப் பார்த்தார்கள். "உன் இதயம் துடிக்கிறதை உங்கம்மா எத்தனை தடவை கேட்டிருக்கா தெரியுமா" என்றேன். "எத்தனை?" என்றான். எண்ணிக்கை தெரியாது, நிறைய என்றேன். அதற்கப்புறம்தான் படுத்தான்.

குழந்தையிடம் போய் இத்தனை மருத்துவ விஷயமா என்று சிலர் கேட்பார்கள். நான் மருத்துவர் இல்லை, குழந்தை மனநலம் படித்தவளும் இல்லை. நான்கு வயதில் இவ்வளவும் வேண்டாம்தான். "அம்மா உடம்புக்குள்ள ஒரு நோய் இருந்தது, அது உன்னால வரலை, உனக்கு ஒட்டவும் ஒட்டாது" என்பதே இப்போதைக்குப் போதும். ஆனால் 'உன்னால வரலை' என்பதை அவள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, உங்கள் மனைவியை தெய்வமாக்கிவிடாதீர்கள். அக்கா போனதும் எல்லோரும் அவளைப் 'போராளி' என்றார்கள், 'சிரித்த முகம்' என்றார்கள். அவள் சிரிக்காத நாள்கள் நிறைய உண்டு. படுக்கையை விட்டு எழ முடியாத நாளில் கதவைச் சாத்திக்கொள்வாள், பையன் வெளியே நின்று தட்டிக்கொண்டிருப்பான். அவன் அதை மறக்கவில்லை. சிரித்த முகம் என்று மட்டும் சொன்னால், அந்தச் சாத்திய கதவுக்கு என்ன காரணம் என்று அவனே ஒன்றைக் கற்பனை செய்துகொள்வான். லூபஸில் வரும் அசதி தூங்கி எழுந்தாலும் போகாது என்று நான் விளக்கியபோது, "அப்ப கோவம் இல்லையா?" என்று கேட்டான்.

அவள் செய்ததைச் சொல்லுங்கள், சின்னச் சின்னதாக. அக்காவுக்குக் காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது. பட்டன் போட முடியாது. அதனால் முதல்நாள் ராத்திரி, கை ஓரளவு சொன்னபடி கேட்கும் நேரத்தில், அவன் பள்ளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கீழிருந்து மேலாகப் பட்டன்களைப் போட்டுவிடுவாள். மேல் இரண்டை மட்டும் திறந்து விடுவாள். காலையில் அப்படியே தலைவழியாக மாட்டிவிட வேண்டியதுதான். சட்டை அப்படித்தான் போடுவது என்று அவன் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

வெயில் பட்டால் நோய் கிளம்பும். அதனால் அவனைப் பொழுது சாய்ந்தபின்தான் விளையாடக் கூட்டிப்போவாள், அப்போதும் முழுக்கைச் சட்டையோடு. குளிர் காற்று பட்டால் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, அப்புறம் சிவக்கும். "அம்மா விரல் தூங்கிடுச்சு" என்று சொல்லி அவள் கையை இழுத்துத் தன் அக்குளுக்குள் வைத்துக்கொள்வான். நான்கு வயதில். அவள் அசையாமல் நிற்பாள்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அவளுக்கு அன்றாட மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். மலேரியாவுக்கென்று வந்து பல பத்தாண்டுகளாக லூபஸ்காரர்களைத் தாங்கி நிற்கும் மாத்திரை. 2020இல் கொரோனாவுக்கு அது கேட்கும் என்று கிளப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் மார்ச்சில் அவசர அனுமதி கொடுத்து, பலனில்லை என்று ஜூனிலேயே திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட நாள்களில் நோயே இல்லாதவர்கள் அலமாரியில் வாங்கி அடுக்கினார்கள். எங்களுக்குக் கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாள். லூபஸில் கன்னங்களில் பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி படரும் அந்தச் சிவப்பு திரும்பி வந்தது. அதனால்தான் அவள் இறந்தாள் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். ஆனால் டப்பாவைக் கவிழ்த்து மிச்ச மாத்திரைகளை அவள் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் நான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புகைப்பட விஷயத்திலும் கவனமாக இருங்கள். ஸ்டீராய்டு மாத்திரையால் அக்காவின் முகம் உருண்டுவிட்டது. "நல்லா சதை போட்டுட்டியே" என்பார்கள். அவள் அந்தப் படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்துவிட்டாள். வீட்டில் மாட்டியிருப்பது கல்யாணத்துக்கு முந்தைய ஒல்லி முகம், பையனுக்கு அந்த முகம் தெரியாது. என் போனில் தப்பித்துக் கிடந்த ஒரே ஒரு உருண்டை முகப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான் அம்மா" என்றான். இப்போது அதுதான் அவன் மேசையில் இருக்கிறது.

குரல் பதிவுகள் இருந்தால் இன்றைக்கே இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அத்தான் போன் மாற்றியபோது எங்களுடையது நிறைய போய்விட்டது. மிஞ்சியது பதினோரு விநாடிப் பதிவு ஒன்று. நான் கடைக்குப் போயிருந்தபோது அக்கா அனுப்பியது. "பென்சில் ரெண்டு வாங்கிட்டு வா, ஒண்ணைக் கடிச்சே தீர்த்துட்டான்" என்கிறாள். பின்னால் அவன், "நான் கடிக்கலை" என்று கத்துகிறான். இப்போது அவனுக்குப் பதினொன்று. வாரத்துக்கு ஒருமுறையாவது என் போனை வாங்கி அதைப் போட்டுக் கேட்கிறான்.